தண்ணீர் இறைக்கப் பிறந்த இன்ஜின்: இங்கிலாந்தில் ஆறு நாள்

முதல் நாள் – டட்லி

நேற்று மாலை பர்மிங்ஹாமில் இறங்கினேன். மகள் இங்கேதான் முதுகலை படிக்கிறாள். "அப்பா, முதல்ல லண்டன் போகலாமா?" என்று கேட்டாள். "லண்டன் அப்புறம் பார்த்துக்கலாம் பாப்பா, முதல்ல டட்லி" என்றேன். இந்தப் பயணத்துக்காகப் பல வருடம் காத்திருந்தவன் நான்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தேன். ஸ்டீம் எனக்குச் சோறு போட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தா கோலார் தங்கவயலில் பம்ப் ஹவுஸ் வேலை செய்தவர். "தண்ணி எறைக்காம தங்கம் எடுக்க முடியாதுடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சு மனசிலேயே நின்றுவிட்டது. நீராவி இன்ஜின் என்றால் எல்லோருக்கும் ரயில்தான் ஞாபகம் வரும். ஆனால் ரயிலை இழுப்பதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பே அது சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் நின்று இறைத்த அந்த நூறு வருடத்தைத்தான் பார்க்க வந்திருக்கிறேன்.

பர்மிங்ஹாமிலிருந்து டிப்டன் வரை ரயில். அங்கிருந்து ஒரு மைல் நடை. வழியெல்லாம் கால்வாய்கள். கரியும் புகையுமாகக் கிடந்ததால் இந்தப் பகுதிக்குக் 'கறுப்பு நாடு' என்றே பெயர். பூமிக்கடியில் 30 அடி தடிமனில் நிலக்கரிப் படுகை. அவ்வளவு கரி இருந்தும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறிக் குழி நிறைந்துவிடும். குதிரைகளைச் சுற்றவிட்டு இறைத்தார்கள். ஆழம் கூடக் கூட அதுவும் கட்டுப்படியாகவில்லை.

1712ல் இந்தச் சுற்றுவட்டாரத்தில், டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கரிச்சுரங்கத்தில், தாமஸ் நியூகோமன் என்ற இரும்புச் சாமான் வியாபாரி தன் இன்ஜினை நிறுத்தினார். தெளிவான ஆதாரத்தோடு நமக்குத் தெரிந்த முதல் நியூகோமன் இன்ஜின் அதுதான். அது இப்போது இல்லை. 1719ல் அச்சான ஒரு படத்தை வைத்து அதே அளவில் ஒன்றைத் திரும்பக் கட்டி, இங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1986லிருந்து வைத்திருக்கிறார்கள்.

வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்ததும் என் வாயில் வந்த வார்த்தை, "ஏற்றம்!"

மகளுக்கு ஏற்றம் தெரியாது. கிணற்றடியில் ஒரு கால் நட்டு, அதன் மேல் குறுக்கே துலாமரம் போட்டு, ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சாலைக் கட்டி, ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து இறைப்பதைச் சொன்னேன். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பெரிய தாத்தா அப்படி நடந்து இறைத்தவர். இங்கேயும் அதே துலாதான். செங்கல் கட்டடத்தின் சுவர் மேல் ஒரு பெரிய மர உத்தரம் ஊஞ்சலாடும்படி உட்கார்ந்திருக்கிறது. வெளி முனையில் சங்கிலியும் பம்ப் கம்பியும் சுரங்கக் குழிக்குள் இறங்குகின்றன. உள் முனைச் சங்கிலியில் ஒரு பிஸ்டன். துலாவில் நடக்க ஆள் இல்லை. அவர் வேலையைப் பிஸ்டன் செய்கிறது.

பிஸ்டனை ஸ்டீம் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்த இன்ஜினில் அப்படி இல்லை. பம்ப் கம்பியின் எடையே அந்தப் பக்கத்தைக் கீழே இறக்கிவிடும். அப்போது இந்தப் பக்கம் பிஸ்டன் மேலே போகும், சிலிண்டருக்குள் ஸ்டீம் நிறையும். உடனே வால்வை மூடி, உள்ளே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஸ்டீம் சட்டென்று தண்ணீராகிச் சுருங்கிவிடும், உள்ளே வெற்றிடம். மேலே திறந்திருக்கும் சிலிண்டரில் வெளிக்காற்று தன் எடையால் பிஸ்டனைக் கீழே அழுத்தும். நம்மைச் சுற்றி இருக்கும் காற்று ஒரு சதுர அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 15 பவுண்டு அழுத்துகிறது. 21 அங்குல விட்டமுள்ள பிஸ்டனுக்குக் கணக்குப் போட்டால், வெற்றிடம் முழுசாகக் கிடைத்தால் இரண்டு டன்னுக்கு மேல். பாதி கிடைத்தால்கூட ஒரு டன். ஆக வேலை செய்தது காற்று. ஸ்டீம் இடத்தைக் காலி செய்து கொடுத்தது.

பாய்லரை நெருங்கிப் பார்த்தேன். பெரிய அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இதில் பிரஷர் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எங்கள் பாய்லரில் பத்து கிலோ பிரஷரில் வேலை செய்து பழகிய எனக்கு, கேஜில் முள்ளே அசையாத அளவு ஸ்டீமை வைத்துக்கொண்டு ஒரு சுரங்கத்தையே வற்றவைத்தார்கள் என்பது புல்லரிக்க வைத்தது. அந்தக் காலத்தில் கொல்லர்களால் அதற்கு மேல் தாங்கும் பாய்லர் செய்ய முடியாது. முடிந்ததை வைத்து முடியாததைச் செய்திருக்கிறார் நியூகோமன்.

நிமிடத்துக்கு 12 முறை துலா ஆடும். ஒவ்வொரு முறையும் 10 காலன், நம் கணக்கில் 45 லிட்டர், 153 அடி ஆழத்திலிருந்து மேலே வரும். குதிரைத்திறனில் சொன்னால் சுமார் ஐந்தரை. அதாவது நம் ஊர்க் கிணற்றில் போடும் 5 எச்பி மோட்டார்! அதற்கு ஒரு மாடிக் கட்டடம், பாய்லர், வண்டி வண்டியாகக் கரி. எங்கள் ஊரில் ஒரு ஸ்விட்சைத் தட்டி இறைக்கும் தண்ணீரை மனிதன் அன்று நெருப்பால் இறைத்தது இப்படித்தான்.

இரண்டாம் நாள் – பர்மிங்ஹாம்

இன்று பார்த்தது ஒரே ஒரு இன்ஜின். அதற்கே நாள் போதவில்லை.

நகரத்தின் அறிவியல் அருங்காட்சியகமான திங்க்டேங்கில் ஸ்மெத்விக் இன்ஜின் இருக்கிறது. 1779ல் ஓடத் தொடங்கியது. இன்னமும் ஓடும் நிலையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின். ஜேம்ஸ் வாட்டும் மாத்யூ போல்டனும் சேர்ந்து நடத்திய கம்பெனியின் வடிவமைப்பு. எங்கள் அதிர்ஷ்டம், அன்று ஸ்டீம் விட்டிருந்தார்கள்.

முதலில் காதுக்கு வந்தது ஒரு பெருமூச்சு. அப்புறம் வால்வுக் கைப்பிடி 'டக்' என்று விழும் சத்தம். மேலே உத்தரத்தின் ஒரு முனை அவசரமே இல்லாமல் தாழ்ந்தது, கீழே வந்து ஒரு நொடி நின்றது, யோசிப்பது போல. பிறகு மறுபடி பெருமூச்சு, மறுபடி மேலே. சூடான எண்ணெய் வாசனை. பிஸ்டன் கம்பியில் எண்ணெய்ப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அந்த வாசனை மூக்கில் பட்டதும் என் கை தன்னால் வேட்டி மடிப்பில் துடைக்கும் துணியைத் தேடியது. அங்கே நின்றிருந்த ஊழியரிடம் நான் என்ன வேலை பார்த்தவன் என்று மகள் சொன்னாள். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கைப்பிடிகளைத் தட்டிவிடும் அந்த நீண்ட கம்பியைக் காட்டினார். துலாவோடு சேர்ந்து ஏறி இறங்கும்போது அதிலுள்ள கட்டைகள் வால்வுகளைத் தானே திறந்து மூடுகின்றன.

வாட் என்ன செய்தார் என்று மகள் கேட்டதற்கு இட்லியை வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் இட்லிப் பானை மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்து, அடுத்த ஈட்டுக்கு மறுபடி முதலிலிருந்து சூடேற்றினால் எவ்வளவு கேஸ் செலவாகும்? நியூகோமன் இன்ஜினில் நடந்தது அதுதான். குளிர்ந்த தண்ணீரைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியதால் சிலிண்டரும் சேர்ந்து ஆறிவிடும். அடுத்து வரும் ஸ்டீமில் பெரும்பகுதி அதைச் சூடேற்றவே போய்விடும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொடுத்த வாட்டிடம் ஒரு சின்ன நியூகோமன் மாதிரி பழுதுபார்க்க வந்தது. அதை ஓட்டிப் பார்த்தபோதுதான் இந்த வீண்செலவு அவரை உறுத்தியது. 1765ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசும்புல் வெளியில் நடந்துகொண்டிருந்தபோது வழி தோன்றியது: ஸ்டீமைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம். சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும், அந்தப் பாத்திரம் எப்போதும் குளிர்ந்தே இருக்கட்டும். 1769ல் காப்புரிமை வாங்கினார்.

காப்புரிமை வாங்கியும் இன்ஜின் ஓட இன்னும் ஏழு வருடம் ஆனது. காரணம் சிலிண்டர். உள்பக்கம் சீரான வட்டமாக இல்லாவிட்டால் பிஸ்டன் ஓரத்தில் ஸ்டீம் ஒழுகும். நியூகோமன் பிஸ்டன் மேல் தோலைச் சுற்றி, தண்ணீரைத் தேக்கி அந்த ஓட்டையை அடைத்தார். சூடான சிலிண்டரில் அந்த வித்தை செல்லாது. 1774ல் ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலை முதலாளி பீரங்கிக் குழாய் குடைய ஒரு இயந்திரம் செய்தார். அதே முறையில் சிலிண்டரையும் குடைந்து தந்தார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுகூடப் பிசகு இல்லை என்று போல்டன் எழுதினார். லேத் பட்டறைக்காரர் ஒருவர் இல்லாமல் வாட்டின் பெயர் வெளியே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்மெத்விக் இன்ஜின் சுரங்கத்துக்காகச் செய்ததல்ல. பர்மிங்ஹாம் கால்வாய் பக்கத்து ஊரான ஸ்மெத்விக்கில் ஒரு மேட்டைத் தாண்டுகிறது. படகை மேட்டில் ஏற்ற மதகுத் தொட்டிகள் உண்டு. ஒவ்வொரு படகு தாண்டும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் மேட்டிலிருந்து கீழே போய்விடும். அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவதுதான் இதன் வேலை. 1891 வரை, 112 வருடம், அதைச் செய்தது.

கம்பெனி வசூலித்த முறையும் கெட்டிக்காரத்தனமானது. பழைய நியூகோமன் இன்ஜின் எரித்திருக்கும் கரி எவ்வளவு, புதியது எரித்தது எவ்வளவு என்று பார்த்து, மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம். டட்லி மாதிரி கரி காலடியில் கிடக்கும் ஊரில் இந்த மிச்சம் யாருக்கும் பெரிதில்லை. கரியே இல்லாத ஊரில்தான் அதற்கு மதிப்பு. அந்த ஊர் கார்ன்வால். நான்காம் நாள் அங்கே போகிறோம்.

மூன்றாம் நாள் – டார்ட்மத்

நியூகோமனின் சொந்த ஊர். டெவன் கடற்கரையில், ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சின்னத் துறைமுகம். பெய்ண்டன் வரை வழக்கமான ரயில். அங்கிருந்து கிங்ஸ்வேர் வரை நீராவி ரயில். பிறகு படகில் ஆற்றைத் தாண்ட வேண்டும். அக்கரையில் டார்ட்மத் ரயில் நிலையம் என்று ஒரு கட்டடம் நிற்கிறது. ஒரு ரயிலும் வந்ததே இல்லை, பாலம் கட்டவே இல்லை. நீராவி இன்ஜினைத் தந்தவரின் ஊருக்குள் ரயில் வரவில்லை என்பதைக் கேட்டு மனசு கொஞ்சம் கனத்தது.

1664ல் இங்கே ஞானஸ்நானம் பெற்றவர். ஆணி, பூட்டு, சுரங்கக் கருவிகள் விற்கும் கடை. ஞாயிறுகளில் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம். கருவி விற்கப் போன இடங்களில் தகரச் சுரங்கங்கள் தண்ணீரால் தவிப்பதைப் பார்த்தார். ஜான் காலி என்ற கைவினைஞரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்.

ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் ட்ரீவால்ட் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். ஆரம்பத்தில் சிலிண்டரின் வெளிப்புறத்தில்தான் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். அதனால் இன்ஜின் மெதுவாக ஆடியது. ஒருநாள் சிலிண்டரில் பற்றவைத்து அடைத்திருந்த ஒரு ஓட்டை உருகித் திறந்துகொள்ள, குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பிஸ்டன் அடித்துக்கொண்டு இறங்கிய வேகத்தில் சங்கிலியே அறுந்தது. பழுதாகிப்போன அந்த நிமிடத்தில், தண்ணீரை உள்ளேதான் பீய்ச்ச வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. பட்டறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் விஷயம் பிடிபடும்.

நியூகோமனுக்குப் பெயர் நிலைக்கவில்லை. தாமஸ் சேவரி என்ற இன்னொரு டெவன்காரர் 1698லேயே 'நெருப்பால் தண்ணீர் ஏற்றும்' எல்லா முறைக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். சேவரியின் கருவியில் பிஸ்டனே கிடையாது. அதிகப் பிரஷர் வைத்தால் பற்றவைப்பு உருகும். ஆழமான சுரங்கத்துக்கு உதவவில்லை. ஆனாலும் நாடாளுமன்றம் அந்த உரிமையை 1733 வரை நீட்டித்தது. நியூகோமன் அதன் கீழேயே தன் இன்ஜினை விற்க வேண்டியிருந்தது. 1729ல் லண்டனில் இறந்தார். அடக்கம் செய்த இடுகாடு தெரியும், கல்லறை எதுவென்று தெரியாது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு ஓவியம்கூட இல்லை. வீட்டை இடித்துப் போட்ட சாலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் மெதுவாக ஒரு நடை நடந்தேன்.

ஊர் நடுவில் ஒரு சின்னக் கட்டடத்தில் பழைய நியூகோமன் இன்ஜின் ஒன்று இருக்கிறது. கரிச்சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு காவென்ட்ரி கால்வாய்க்குத் தண்ணீர் ஏற்றி, 1913ல் ஓய்ந்தது. அவருடைய முந்நூறாவது பிறந்த ஆண்டையொட்டி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது ஸ்டீம் இல்லை. ஹைட்ராலிக்கில் துலாவை ஆட்டிக் காட்டுகிறார்கள். வடக்கே பார்ன்ஸ்லி பக்கம் எல்செக்கரில் 1795ல் கட்டிய ஒன்று, நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிற்கிறது. அதற்குப் போக இந்த முறை நாள் இல்லை.

நான்காம் நாள் – ரயிலில்

முழுநாளும் பயணம். பிளிமத்தைத் தாண்டியதும் எஞ்சினியர் புரூனல் கட்டி 1859ல் திறந்த ராயல் ஆல்பர்ட் பாலம். அதைக் கடந்தால் கார்ன்வால். ரெட்ரூத் நெருங்க நெருங்க, மேட்டின் மேல் ஒற்றைச் சிம்னியோடு கூரை இல்லாத கல் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் பழைய இன்ஜின் வீடுகள். நம் ஊரில் வயல்வெளி நடுவே பாழடைந்த கோயில் நிற்கும் அதே தோரணை. எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

ராத்திரிக்குப் பேஸ்ட்டி. நம் சோமாசை உள்ளங்கையைவிடப் பெரிதாகச் செய்து, இனிப்புக்குப் பதிலாக மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்தால் அதுதான். ஓர மடிப்பும் சோமாசு மாதிரியே. சுரங்கத் தொழிலாளிகளின் மதியச் சாப்பாடு.

ஐந்தாம் நாள் – லெவன்ட்

கார்ன்வாலின் மேற்கு ஓரம். பாறை விளிம்பில் செம்பும் தகரமும் எடுத்த சுரங்கம். குகைகள் கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் போகின்றன. 1840ல் நிறுவிய பாரம் தூக்கும் இன்ஜின் தன் இடத்திலேயே இருக்கிறது. நாங்கள் போன அன்று ஓடவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஆழம் கூடியபோது ஏணி ஏறியே தொழிலாளிகளின் உயிர் போயிற்று. அதற்கு 'மனித இன்ஜின்' என்று ஒன்றைப் போட்டார்கள். நீளமான மரக்கம்பி ஒன்று குழிக்குள் முழுக்க இறங்கும். நீராவி இன்ஜின் அதை 12 அடி மேலே தூக்கும், 12 அடி கீழே விடும். கம்பியில் கால் வைக்கப் படிகள், சுவரில் பலகைகள். படியில் ஏறி நின்றால் 12 அடி மேலே போகலாம். கம்பி திரும்பும் அந்த நொடியில் பலகைக்கு மாறி நிற்க வேண்டும். அடுத்த படி வந்ததும் மறுபடி ஏற வேண்டும். வேலை முடிந்த களைப்பில், இருட்டில், நூற்றுக்கணக்கான தடவை.

1919 அக்டோபர் 20, ஷிப்ட் முடிந்து எல்லோரும் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது கம்பியின் மேல்பக்கப் பிணைப்பு உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்தக் குழியின் வாய் வரை போய்ப் பார்க்கலாம். கீழே இருட்டும் ஈரக்காற்றும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் பாட்டி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சங்கு ஊதும் நேரம் தப்பி ஊதினால் தெரு முழுக்க வாசலுக்கு ஓடி வருமாம். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆறாம் நாள் – கேம்போர்ன், பூல்

காலையில் கேம்போர்ன். நூலகத்துக்கு முன்னால் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் சிலை. கையில் ஒரு இன்ஜின் மாதிரி. 1771ல் இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர்.

கார்ன்வாலில் கரி கிடையாது. சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் 1777ல் வாட்டின் இன்ஜின் இங்கே வந்தபோது வரவேற்பு இருந்தது. வருடாவருடம் மிச்சத்தில் பங்கு கொடுக்க வேண்டி வந்தபோது கசப்பும் வளர்ந்தது. உள்ளூர் ஆட்கள் வேறு வழி தேடினால் வழக்கு. 1800ல் காப்புரிமை முடிந்தது. டிரெவிதிக் செய்ததை ஒரு பாய்லர்காரனாக நான் சொல்கிறேன்: காற்றின் எடையை நம்பியது போதும், ஸ்டீமின் சொந்த பலத்தையே நேராகப் பயன்படுத்தலாம் என்று துணிந்தார். பிரஷரை ஏற்றினால் சின்னச் சிலிண்டரே போதும். குளிரவைக்கும் பாத்திரம்கூட வேண்டாம், வேலையை முடித்த ஸ்டீமை வெளியே விட்டுவிடலாம். அப்போதுதான் இன்ஜின் கட்டடத்தை விட்டு இறங்கிச் சக்கரத்தில் ஏறும் அளவு சிறிதானது.

1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், இந்த ஊர் மேட்டுச் சாலையில் அவருடைய நீராவி வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சில நாளில் வண்டி பழுதாகி நின்றது. நெருப்பை அணைக்காமல் எல்லோரும் சாப்பிடப் போய்விட, பாய்லரில் தண்ணீர் வற்றி வண்டியே எரிந்தது. 1804 பிப்ரவரி 21ல் வேல்ஸில் பெனிடேரன் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் தண்டவாளத்தில் இழுத்துக் காட்டியதும் இவருடைய இன்ஜின்தான்.

நடுவில் 1803ல் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். இப்படி ஆபத்தான ஒன்றைக் கொண்டுவந்ததற்குத் தன்னைத் தூக்கில் போடலாம் என்று வாட் சொன்னதாக டிரெவிதிக் பின்னாளில் ஒரு கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பிரஷரைக் கைவிடவில்லை. பாதுகாப்புக்கு வழி பார்த்தார். இரண்டு சேஃப்டி வால்வு, அதில் ஒன்றில் ஆள் கை வைக்க முடியாது. அப்புறம் பாய்லரில் ஒரு ஈய அடைப்பு. தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, ஸ்டீம் கொட்டி நெருப்பை அமர்த்தும்.

இந்த ஈய அடைப்பை நாங்கள் ஃப்யூசிபிள் ப்ளக் என்போம். ஒரு மழை ராத்திரியில் எங்கள் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றுபோய், கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிட்டது. நான் ஓடி வருவதற்குள் அந்த ப்ளக் உருகி ஸ்டீம் சீறிக்கொண்டு நெருப்பின் மேல் விழுந்தது. அன்று உள்ளே இருந்த ஆறு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனோம். அந்த ஏற்பாட்டை நமக்குத் தந்தவர் 1833ல் டார்ட்ஃபோர்டில் காசில்லாமல் இறந்தார். சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டேன்.

மதியம் பக்கத்திலுள்ள பூல். ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஈஸ்ட் பூல் சுரங்கத்தின் இன்ஜின் வீடு. சிலிண்டர் விட்டம் 90 அங்குலம். நான் கையை விரித்தாலும் போதவில்லை. துலா வார்ப்பிரும்பில் 52 டன். 1892ல் ஹேல் ஊர் வார்ப்பாலையில் செய்தது. 1,700 அடி ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 450 காலன் இறைத்தது. 1954ல் நின்றது. மூன்று மாடி ஏறித் துலாவின் பக்கத்தில் நின்றபோது, டட்லியில் பார்த்த அந்த மர உத்தரத்தின் பேரப்பிள்ளை இது என்று தோன்றியது.

கரி விலை எவ்வளவு தூரம் மூளையைத் தீட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1811லிருந்து இங்கே மாதாமாதம் ஒவ்வொரு சுரங்க இன்ஜினும் ஒரு மூட்டை, சுமார் 43 கிலோ, கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று அச்சடித்து வெளியிட்டார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி எல்லோர் கண்ணிலும் படும். பின்தங்கியவர் அடுத்த மாதம் எப்படியாவது முன்னே வரப் பார்ப்பார். 100 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். சாதாரண நியூகோமன் இன்ஜின் அந்த ஒரு மூட்டைக் கரியில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஏற்றும், அரைத் தண்ணி லாரி. 1835ல் இங்கே சோதித்த சிறந்த இன்ஜின் ஒன்றே முக்கால் லட்சம் லிட்டருக்குப் பக்கத்தில், 14 லாரி. அதே கரி, அதே தண்ணீர்.

அங்கே இருந்த வயதான தன்னார்வலரிடம் கோலார் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே வேலை பார்த்தவராம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலை எடுத்து நடத்தியபோது கார்ன்வால்காரர்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வரும்வரை அங்கேயும் தூக்கியதும் இறைத்ததும் ஸ்டீம்தான். சுரங்க மேற்பார்வையாளரை இங்கே 'கேப்டன்' என்பார்கள். தாத்தாவும் 'கேப்டன் தொரை' என்றுதான் சொல்வார். பட்டாளத்துக்காரர் யாரோ என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு திசையைக் கைகாட்டினார். அடுத்தாற்போல சவுத் கிராஃப்டி தகரச் சுரங்கம். 1998ல் மூடியதும் தண்ணீர் நிறைந்துவிட்டது. மறுபடி திறப்பதற்காக 2023லிருந்து மின்சாரப் பம்புகள் வைத்து இறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ராத்திரி மாரிக்குப்பத்திலுள்ள பெரியம்மாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். தங்கவயல் 2001ல் மூடியது. பம்புகளும் அன்றோடு நின்றன. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க எறைக்கிறாங்களாடா?" என்று கேட்டார்.

"எறைக்கிறாங்க பெரியம்மா."

"எத்தனை அடி எறங்கியிருக்காம்?"

அதைக் கேட்டு வராமல் விட்டேன். காலையில் ரயிலுக்கு முன்னால் மறுபடி அந்தப் பெரியவரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.